அண்ணாச்சிக்கு ஒரு நாள் ஓய்வு

"அண்ணாச்சி, நாளைக்கு வெயில் ரொம்பக் கடுமையா இருக்கும்னு பேசிக்கிடுதாங்க."

ஞானசீலன் இதைச் சொன்னது ஜனவரி மாதத்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மாதுங்காவில் அண்ணாச்சியின் வீட்டு ஜன்னலை மூடி வைத்திருந்ததே குளிர்காற்றுக்குப் பயந்துதான். வானமாமலை அண்ணாச்சி கழுத்து மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு, இருக்கலாம் என்று தலையாட்டினார்.

அவர் லால்பாகில் ஒரு மில்லின் லேபர் ஆபீஸில் ஹெட் கிளார்க். அந்த மில்லின் கபடி அணிக்கு மேனேஜரும் அவர்தான். ஞானசீலன் கேப்டன். தாராவியில் எட்டுப் பேரைப் பொறுக்கி எடுத்து, ஆளுக்கொரு வேலையும் வாங்கிக் கொடுத்தவர் அண்ணாச்சி. கபடிக்காரர்களுக்குத் துணி கோடவுனில் பகல் வேலை. மற்றவர்களுக்குப் பஞ்சு பறக்கும் ப்ளோ ரூம். ஞானசீலன் அங்கே மூன்று வருஷம் இருமியவன். அவன் கோடவுனுக்கு வந்த பிறகுதான் மனைவி லூர்தம்மாள் நிம்மதியாகத் தூங்குகிறாள்.

இப்போது அதற்கு ஆபத்து. லீகில் பாதி முடிந்திருந்தது. எட்டு ஆட்டத்தில் ஆறு தோல்வி. நாளைய ஆட்டமும் போனால் அணியைக் கலைத்துவிடுவோம், எல்லோரும் ப்ளோ ரூமுக்குப் போகலாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

தோல்விக்குக் காரணம் ஞானசீலனுக்குத் தெரியும். காரணம் எதிரே உட்கார்ந்து காபி ஆற்றிக்கொண்டிருந்தது.

பாடிப் போகிறவனுக்கு அவன் அணியைச் சேர்ந்த யாரும் யோசனை சொல்லக் கூடாது. சொன்னால் எதிரணிக்கு ஒரு பாயிண்ட். இந்த விதியை அணிக்குச் சொல்லிக் கொடுத்ததே அண்ணாச்சிதான். ஆனால் ஆட்டம் சூடு பிடித்துவிட்டால் அவருக்கு எல்லாம் மறந்துபோகும். கோட்டோரம் நின்று, பின்னால் பாருடே என்று ஒரு கத்தல். உடனே நடுவரின் விசில். போன வாரம் மூன்று கத்தல், மூன்று பாயிண்ட். அணி தோற்றது இரண்டு பாயிண்டில்.

அவர் நாளைக்கு மைதானத்துக்கு வரக் கூடாது. வேலை வாங்கிக் கொடுத்த மனுஷரிடம் இதை எந்த வாயால் சொல்வது? தாராவியிலிருந்து நடந்து வரும்போது ஒத்திகை பார்த்ததெல்லாம் மாடிப்படி ஏறும்போதே மறந்துவிட்டது. அதனால்தான் வெயிலில் ஆரம்பித்தான்.

வெயில் எடுபடவில்லை. அடுத்து உடம்பைப் பற்றிப் பேசினான். வயசு ஏற ஏற உடம்பு முன்போல இருக்காது, அலைந்தது போதும் என்று இழுத்தான்.

"நூத்துல ஒரு வார்த்தை" என்றார் அண்ணாச்சி.

கோபப்படுவார் என்று பயந்து வந்தவனுக்குத் தெம்பு வந்தது. எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் ஒரு நாளாவது ஆராமாக ஓய்வெடுக்க வேண்டும் என்றான். அண்ணாச்சி அதற்கும் ஆமாம் போட்டார். ஒரு நாள் என்ன, ஒரு மாசம்கூட எடுக்கலாம், தப்பில்லை என்றார். தான் இல்லாவிட்டால் காரியம் நடக்காது என்று நினைப்பதுதான் மனுஷன் செய்கிற முதல் தப்பு என்றும் சொன்னார். ஞானசீலன் அசந்துபோனான். இவரிடம் பேசவா இத்தனை பயந்தோம் என்று அவனுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

"ஒதுங்க வேண்டிய நேரத்துல ஒதுங்கிரணும்டே. அதுல கூச்சப்பட என்ன இருக்கு?" என்றார் அண்ணாச்சி.

அவர் மனைவி கோமதியம்மாள் தட்டு நிறைய முறுக்கு கொண்டுவந்து வைத்தாள். வழக்கமாக எண்ணி இரண்டு வைக்கிறவள். மனசில் எதையும் வைத்துக்கொள்ளாமல் சாப்பிடுங்க தம்பி என்று பரிவோடு வேறு சொன்னாள். தான் படும் பாடு மதினிக்காவது புரிகிறதே என்று அவன் நினைத்துக்கொண்டான்.

இனிமேலும் சுற்றி வளைத்துப் பயனில்லை. கண்ணைத் தரையில் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

"நாளைக்கு ஒரு நாள் நீங்க கிரவுண்டுக்கு வர வேண்டாம் அண்ணாச்சி. உங்க சத்தத்தாலதான் பாயிண்ட் போவுது. நீங்க வந்தா தோத்துருவோம்."

அண்ணாச்சியின் முகத்தில் அதுவரை இருந்த சாந்தம் எங்கே போனதென்று தெரியவில்லை. நானா என்பதுபோல் மனைவியைப் பார்த்தார். அவள் சட்டென்று அடுக்களைக்குள் போய்விட்டாள். பத்து வருஷமாக ஒரு ஆட்டம் விடாமல் போகிறவர். அவர் முகத்தைப் பார்க்க ஞானசீலனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இது யார் யோசனைடே?"

மற்ற ஏழு பேரும் சேர்ந்து மத்தியானம் சொன்ன யோசனை என்று ஞானசீலன் ஒப்புக்கொண்டான். கேப்டன் சொன்னால்தான் அண்ணாச்சிக்கு வருத்தம் வராது, நீங்கதான் பக்குவமாகச் சொல்லணும் என்று தன்னைத் தள்ளி விட்டுவிட்டார்கள் என்றான்.

அண்ணாச்சி அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"அந்த ஏழு பயலுவளும் காலையில ஷிப்டுக்கு முன்னாடி இங்கதான்டே உக்காந்திருந்தானுவ. கேப்டனுக்கு இப்பல்லாம் மூச்சு பத்தல, நாளைக்கு அவரை உக்கார வைக்கணும், அதை நீங்கதான் பக்குவமாச் சொல்லணும்னானுவ. சாயங்காலம் உன்னை இங்க அனுப்பி வைக்கது அவனுவ பொறுப்புன்னும் சொல்லிட்டுப் போனானுவ."