கரடியண்ணன் சர்பத் கம்பெனி

ஒரு கரடி சர்பத் கம்பெனி நடத்தியது. "இங்கே முதலாளி, வேலையாள் கிடையாது. நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று தினமும் சொல்லும்.

பாட்டில் கழுவும் கோழி தயங்கித் தயங்கிப் போய், "அண்ணே, அடைகாக்கணும், லீவு வேணும். சூடு குறைஞ்சா முட்டை கெட்டுப் போயிடும்" என்றது.

"குடும்பத்துல ஏது லீவு? முட்டையை இங்கேயே கொண்டு வா, தங்கச்சி!"

கோழி கூடையோடு வந்து, கரடியின் மெத்தை நாற்காலியில் முட்டைகளைப் பரப்பியது.

"ஐயையோ, நான் எங்கே உட்கார?"

"முட்டை மேலதாண்ணே. நீங்க இதுங்களுக்குத் தாய்மாமன் ஆச்சே. பதமா உட்காருங்க, நான் பாட்டில் கழுவிட்டு வரேன்."

கரடி பாதி உட்கார்ந்து, கால் நடுங்க அப்படியே நின்றது.

"தங்கச்சி, எத்தனை நாள் லீவு கேட்டே?"

"குஞ்சுகளுக்குக் காது குத்துற வரைக்கும்ணே. அதுவும் உங்க மடியிலதான்."