இன்றைய வினைச்சொல்

ஸ்பானிஷ் வகுப்பில் ஒரே விதி: தினமும் தரும் வினைச்சொல்லை, அன்று உண்மையாகச் செய்திருந்தால் மட்டுமே இறந்தகாலத்தில் எழுத வேண்டும். 'நதே', நீந்தினேன் என்று எழுதுவதற்காக, ஐம்பத்திரண்டு வயது அமிர்தவல்லி சுடிதாரோடு அடுக்ககத்தின் நீச்சல் குளத்தில் குதித்தாள்.

"நாளைக்கு 'திருடினேன்'னு வந்தா என்னடி பண்ணுவ?" என்றார் கணவர்.

"உங்க தட்டுல இருக்கற வடைதான்!"

இன்று வந்த சொல் 'பெர்தொனே', மன்னித்தேன். தங்கை பூரணியோடு பேசி ஒன்பது வருடம் ஆகிறது. அம்மா இறந்த செய்தியை, எல்லாம் முடிந்த பிறகு சொன்னவள் அவள். இந்த ஒரு சொல்லை எழுதாமல் விட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் அமிர்தவல்லி தங்கையின் எண்ணை அழுத்தினாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள் பூரணி. "அக்கா?"

"ஆமாடி. சாப்பிட்டியா?"