பழைய பிராசஸருக்கு ஒரு மதர்போர்டு

மனைவியின் கம்மல் டப்பாவில் பஞ்சு வைத்துக் கொண்டுவந்திருந்த பழைய பிராசஸரைக் கம்ப்யூட்டர் கடை மேஜையில் வைத்தார் திருமேனி. அதன் வேகத்தை அளவுக்கு மீறிக் கூட்டி விரட்டினாலும் தாங்குகிற மதர்போர்டு அவருக்கு வேண்டும். கடைக்காரர் எடுத்துப்போட்ட மூன்றையும் கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும், திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்தார்.

“பொண்ணு பாக்க வந்தப்ப என்னை ஒரு தரம்கூட நிமிந்து பாக்கலை,” என்றாள் பக்கத்தில் நின்ற மனைவி வளர்மதி.

“வயசான பிராசஸரு சார். விரட்டினா சூடேறிப் படுத்துக்கும். புதுசே வாங்கிடுங்களேன்,” என்றார் கடைக்காரர்.

திருமேனியின் முகம் சுருங்கியது. போன மாதம் அலுவலகத்தில் அவர் நாற்காலிக்கு ஓர் இளைஞனைக் கொண்டுவந்ததிலிருந்து, ‘புதுசு’ என்ற சொல்லே அவருக்கு ஆகாது.

வளர்மதி மூன்றில் கனமானதை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

“இதையே குடுங்க தம்பி. கூடவே, இருக்கிறதிலேயே பெரிய ஃபேனா ஒண்ணு போடுங்க.”