அறையின் மௌனம்

இனி ஒரு நிமிடம் யாரும் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டு ரெக்கார்டரின் பொத்தானை அழுத்தினேன்.

ஒவ்வொரு பேட்டியின் முடிவிலும் இது உண்டு. எல்லோரும் வாயை மூடிய பிறகும் அறைக்கென்று ஒரு சத்தம் இருக்கும். ஃபேன், ஃப்ரிட்ஜ், ஜன்னலுக்கு வெளியே தெரு. பேச்சை வெட்டி ஒட்டும்போது விழும் இடைவெளிகளை அதைப் போட்டுத்தான் நிரப்ப வேண்டும். நான் ஹெட்ஃபோனை மாட்டி, கண்ணை மூடி, ஒரு விரலைத் தூக்கிப் பிடித்தபடி பதிவு செய்வேன்.

ஒன்பது நாள், ஏழு ஊர், ஏழு உளவியல் நிபுணர்கள். மனித மனத்தைப் பற்றி இன்று ஆளாளுக்குச் சொல்வதில் பாதி இவர்கள் எழுதிவைத்தது. அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எப்படி வேலை செய்தார்கள் என்று ஒரு வானொலித் தொடர். வண்டி ஓட்டியது என் மனைவி. எனக்குச் சைக்கிளே தகராறு.

கேட்பதில் நான் கெட்டிக்காரன். நானாகச் சொல்லவில்லை, ஏழு பேரும் சொன்னது. மூன்றாவது ஊர்க்காரர், சின்ன வயதில் அப்பாவிடம் வாங்கிய அடியை முதன்முறையாக என்னிடம் சொல்லி அழுதார். நான் ‘ம்’ கொட்டியதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை.

புறப்பட்ட நாளிலிருந்து என் மனைவியும் ஏதோ பேச வேண்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். வண்டியில் ஏறினால் எனக்கு முந்தைய பேட்டியைக் கேட்டுக் குறிப்பெடுக்கிற வேலை. இது முடியட்டும், சாவகாசமாகப் பேசலாம் என்றேன். அவள் முகம் சரியில்லை என்பது எனக்கும் தெரிந்தது. தெரிந்துதான் தள்ளிப்போட்டேன். பயம்.

ஏழாவது, இப்போது எங்கள் எதிரில் உட்கார்ந்திருந்த இந்தப் பேராசிரியை. கணவனும் மனைவியும் பேசும்போது யார் யாரைப் பேச விடாமல் செய்கிறார்கள் என்று நாற்பது வருடம் உட்கார்ந்து எண்ணியவர். இரண்டு மணி நேரத்தில் நான் ஒருமுறைகூடக் குறுக்கே பேசவில்லை என்று எனக்குப் பாராட்டு வேறு. என் மனைவி புத்தக அலமாரிக்குப் பக்கத்தில், மடியில் வண்டிச் சாவியோடு உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பொத்தானை அழுத்தி இருபது விநாடி ஆகியிருக்கும்.

“நான் உங்கள விட்டுப் போறேன். ஒம்பது நாளா இதச் சொல்லத்தான் பாக்கறேன்.”

ஹெட்ஃபோனில் அவள் குரல் அத்தனை துல்லியமாக இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அதை நான் அப்படிக் கேட்டதே இல்லை. ஆனால் வாய் இருக்கிறதே, அது தன்பாட்டுக்குத் தொழிலைப் பார்த்தது.

“பதிவுல குரல் விழுந்துடுச்சு. இன்னொரு தடவ எடுத்துடலாம்.”

பேராசிரியை ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விரலைத் தூக்கினேன். நாற்பது வருட ஆராய்ச்சியும் கப்சிப் ஆகிவிட்டது.

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஒரு நிமிடம் கிடைத்தால் அவளுக்குச் சொல்ல ஒரு வார்த்தையாவது தேறாதா என்று பார்த்தேன். போகாதே என்பதுதான் அந்த வார்த்தை என்று இப்போது தெரிகிறது. அப்போது வரவில்லை.

நிமிடம் முடிந்து கண்ணைத் திறந்தபோது அவள் நாற்காலி காலியாக இருந்தது. உங்கள் ஊருக்கு நாலு மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது என்றார் பேராசிரியை.

தொடருக்கு நல்ல பெயர். அந்த இரண்டாவது நிமிடத்தில் நாற்காலி நகர்ந்தது, காலடி, கதவு, வண்டி கிளம்பியது எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் பதினொரு விநாடிதான் தேறியது. அதையே நீட்டிப் பேராசிரியையின் பேச்சு முழுக்க அடியில் ஓட விட்டேன். இவ்வளவு சுத்தமான மௌனத்தை எங்கே பிடித்தீர்கள் என்று வானொலி நிலையத்தில் எல்லோரும் கேட்கிறார்கள்.

காலடி கதவு வரை போய் நின்றதற்கும் கதவு சாத்தியதற்கும் நடுவில் பிடித்தது. அவ்வளவு நேரமும் அவள் அங்கேயே நின்றிருக்கிறாள்.