பெயர் வெட்டிய வாளி

வாளியைத் திருப்பிப் பார்த்தாள். விளிம்புக்குக் கீழே, புள்ளி புள்ளியாக, அவள் பெயர்.

வே. ஆவுடைத்தாய்.

“உங்களுதுதானுங்களே?” என்றாள் கல்லூரிப் பெண்.

கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பிள்ளை. கோகிலவாணி என்று பெயர். முழங்கால்வரை சேறு, கையில் ரப்பர் உறை. வந்த நாலு நாளாக எல்லாரிடமும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுகிறாள். வழியில் நிற்கிற ஆட்டைக்கூட “நகருங்க” என்கிறாள் என்று தெருவே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது.

ஆவுடைத்தாய் அந்தப் புள்ளிகளை விரலால் தடவினாள்.

வாளியில் இருப்பது அவள் பெயர்தான். வாளி அவளுடையதில்லை. முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் சண்முகவடிவின் கல்யாணத்துக்கு அவள் கொடுத்தது.

வடிவு மூன்றாவது வீடு.

பேசி ஒன்பது வருஷம்.

வெள்ளம் வடிந்தபோது, தெருப் பாத்திரமெல்லாம் மிதந்துபோய்ப் பள்ளிக்கூடச் சுவரோடு சேற்றில் புதைந்து கிடந்தது. உதவிக்கு பஸ் ஏறி வந்த கல்லூரிப் பிள்ளைகள் இருபது பேரும் அதைத் தோண்டி எடுத்தார்கள். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார்கள். மைதானத்தில் பரப்பி, வெட்டியிருந்த பெயரைப் பார்த்துப் பிரித்தார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் வீடு எது என்று விசாரித்து, வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கல்யாணப் பாத்திரத்தில் இருப்பது கொடுத்தவர் பெயர் என்று ஒரு பிள்ளைக்கும் தோன்றவில்லை. அவர்கள் பார்த்ததெல்லாம் கவர் கொடுக்கிற கல்யாணம்.

ஒரு கல்யாணத்தையும் விடாத ரேஷன் கடைச் சங்கரபாண்டியன் வாசலில் முப்பத்தெட்டு டம்ளர் வந்து இறங்கியது. போன வருஷம் கல்யாணமான பிள்ளைக்கு ஒரு கரண்டிகூட இல்லை.

செத்துப்போனவர்கள் பெயர் உள்ளவை மட்டும் ஒரு பெஞ்சில் தனியாக இருந்தன. இவங்க யாரும் இன்னும் வரலைங்க என்று ஒரு பையன் காவலுக்கு நின்றான்.

தெரு சிரித்தது. தண்ணீர் வந்தபிறகு அன்றைக்குத்தான்.

விஷயம் தெரிந்ததும் கோகிலவாணிக்கு முகம் செத்துவிட்டது. எல்லாவற்றையும் திரும்ப வாங்கிப் புதிதாகப் பிரிக்கிறோம் என்றாள். வேண்டாம் தாயி, யார் யாருக்கு எது செய்தோம் என்று எங்களுக்குத் தெரியாதா, நாங்களே மாற்றிக்கொள்கிறோம் என்றார்கள்.

ஆளுக்கொரு பாத்திரத்தோடு தெரு இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தது.

ஆவுடைத்தாய் மட்டும் வாளியோடு நின்றாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், வடிவு மகனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் இவளிடம் விசாரித்தார்கள். பையன் குடிப்பானா என்று கேட்டார்கள். எப்போதாவது என்று சொல்லிவிட்டாள். உண்மைதான். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றுபோனது.

வடிவு நடுத்தெருவில் நின்று கத்தினாள். “ஒன் வாளியப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டாச்சுட்டி. ஒன் பேரு என் வீட்ல கெடக்காது.”

பேரீச்சம்பழத்துக்குப் போனது வெள்ளத்தில் எப்படி வரும்?

ஒருவேளை பரணில் எறிந்துவிட்டு மறந்திருப்பாள். பிள்ளைகள் தேய்த்த தேய்ப்பில் புதுசாய் மின்னுகிறது, ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. இதைத் தூக்கிக்கொண்டு போனால், என் பொய்யைப் பிடிக்க வந்தாயா என்று வடிவு கேட்பாள். இன்னொரு ஒன்பது வருஷம் போகும். அதற்குமேல் இரண்டு பேருக்கும் வயசு இருக்கிறதா?

கோகிலவாணியிடம் நீட்டினாள். பச்சைக் கேட் போட்ட மூன்றாவது வீட்டில் கொடுத்துவிடு என்றாள்.

அந்தப் பெண் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டது.

“நீங்களே குடுங்க. அந்தக் கூறுகெட்ட புள்ளதான் மாத்திக் குடுத்துருச்சுன்னு எம்மேல பழியைப் போட்டுருங்க.”

அதுவும் சரிதான்.

ஆனால் வெறும் பாத்திரத்தை எப்படிக் கொண்டுபோவது? ஒரு பிடி அரிசியாவது, ஒரு கரண்டி சீனியாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் அரிசி முளைவிட்டு நாறுகிறது. சீனி ஆற்றோடு போய்விட்டது.

தெருமுனையில் பிள்ளைகள் கொண்டுவந்த குடிதண்ணீர் லாரி நின்றது.

கோகிலவாணி ஓடிப்போய்க் குழாயை இழுத்து வந்தாள். வாளி கழுத்துவரை நிறைந்தது. நானும் ஒரு கை பிடிக்கட்டுங்களா என்றாள். ஆவுடைத்தாய் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

மூன்று வீடு.

வடிவு வாசலில் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஆள் நிழல் தெரிந்து நிமிர்ந்தாள். இளைத்திருந்தாள்.

“அந்தப் பிள்ளைக தெரியாம...” என்று இவள் ஆரம்பித்தாள்.

வடிவு இவள் முகத்தைப் பார்க்கவில்லை. வாளியைத்தான் பார்த்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

“அந்தப் பக்கத்துக் காது நிக்காதுட்டி. ரெண்டு தரம் ஈயம் போட்டுப் பத்த வச்சாச்சு. போன மாசம் தண்ணி தூக்கயில திரும்ப ஆட்டம் கண்டுருச்சு. அடியில கையக் குடு.”

இவள் குனிந்து அடியில் கை கொடுத்தாள்.

அங்கே வடிவின் கை இருந்தது.