முழங்கால் அளவு

ஏரிமேல் பனி மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. நடுவில் அல்லிகள் சூழ்ந்த திட்டு மிதப்பதுபோல் தெரிந்தது. பள்ளிக்கூடத்தை அங்கே மாற்றிவிடலாம் என்று ஆசிரியக் கொக்குகள் கூடிப் பேசி முடிவெடுத்தன. தலைமையாசிரியர் கொக்கு தாமே தண்ணீரில் இறங்கி, திட்டுவரை நடந்து பார்த்துவிட்டு வந்தார்.

"முழங்கால் அளவுதான் தண்ணி. நாளையிலேர்ந்து எல்லாரும் நடந்தே வந்துடுங்க."

கரையில் வரிசையாக நின்ற காடைக்குஞ்சுகள் திட்டைப் பார்த்தன, தண்ணீரைப் பார்த்தன. அவற்றிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. கடைசியில் நின்ற குஞ்சு மட்டும் சிறகைத் தூக்கியது.

"சார், யாரோட முழங்கால்?"

தலைமையாசிரியர் முதல்முறையாகக் குனிந்தார். குஞ்சின் முழங்காலைப் பார்க்க, நனைந்த புல்லை அலகால் விலக்கித் தேட வேண்டியிருந்தது.