நத்தையின் கிரிவலம்

அடி அண்ணாமலைக் குட்டையில், இடுப்பளவுத் தண்ணீரில் கல்லூரி ஆசிரியை நூரைன் நிற்கிறாள். பௌர்ணமிக்குள் குட்டையைத் தூர்த்து பார்க்கிங் போடவேண்டுமாம்; கரையில் மண் லாரி உறுமுகிறது. கிரிவலப் பாதையில் செருப்போடு கால் வைக்காத டிரைவர் அருணகிரி, வெறுங்காலோடு நின்று கத்துகிறார். “மேல வாங்க மேடம்! கடுகு சைஸ் நத்தைக்காவா இந்தப் பிடிவாதம்?” லாரியிலிருந்து சரிந்த மண்கட்டி ஒன்று விழுந்து, சேற்றுத் தண்ணீர் அவள் முகத்தில் தெறிக்கிறது. துடைக்காமல், கையிலிருக்கும் அல்லி இலையை வெயிலுக்கு உயர்த்துகிறாள். அடியில் ஒட்டிய நத்தைகளின் ஓடுகள் தேன் நிறத்தில் ஒளிர்கின்றன. ஒன்று மட்டும் நூலிழைக் கொம்புகளை நீட்டி, இலை விளிம்பைச் சுற்றி ஊர்கிறது. “நீங்க பௌர்ணமிக்குதான் சுத்துறீங்க. இது தினமும் சுத்துதுண்ணா. முடிக்கட்டும், அப்புறம் கொட்டுங்க.” அருணகிரி லாரியில் ஏறி ஹாரனை அழுத்துகிறார். நத்தை நிற்பதாயில்லை.